கேன்சர் கணக்கெடுப்பு: ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இதில் என்ன வேலை?

ஒரு மாவட்டத்தில் ஆண்டுக்கு எத்தனை பேருக்குப் புற்றுநோய் வருகிறது? எந்த வகை அதிகம்? எத்தனை பேர் பிழைக்கிறார்கள்? இதற்கெல்லாம் பதில் சொல்வது புற்றுநோய்ப் பதிவேடு. "கேன்சர்னா பெரிய ஆஸ்பத்திரிதானே பார்க்கும், நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு என்ன வேலை?" என்று கேட்கலாம். கணக்கு தப்பாமல் இருக்க, அவர்களின் பங்கு ரொம்பவே முக்கியம்.

பதிவேடு எப்படி இயங்குகிறது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981-ல் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. சென்னை, மும்பை, பெங்களூருவில் 1982 முதல் தகவல் திரட்டப்படுகிறது. தமிழ்நாடு முழுமைக்குமான பதிவுப் பணியை மாநில அரசும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இணைந்து 2012-ல் தொடங்கின. பெரும்பாலும் பதிவேட்டுப் பணியாளர்களே மருத்துவமனைகளுக்குப் போய் விவரங்களை எடுக்கிறார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்ன நடக்கிறது?

30 வயது தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான முதல்கட்டப் பரிசோதனை இங்கே நடக்கிறது. சந்தேகம் இருந்தால் பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு கொடுத்து அனுப்புவார்கள். ஆனால் சந்தேகம் மட்டும் பதிவேட்டில் ஏறாது. நோய் உறுதியான பிறகுதான் பதிவாகும். சீட்டு வாங்கியவர் பயந்துபோய் வீட்டிலேயே இருந்துவிட்டால் சிகிச்சையும் இல்லை, கணக்கும் இல்லை. அவரைத் தேடிப் போய் அனுப்பி வைக்கக்கூடியவர் கிராம சுகாதார செவிலியர்தான்.

கணக்கு எங்கே தவறுகிறது?

முதலில், முகவரி. குறைந்தது ஓராண்டாக வசிக்கும் ஊரின் கணக்கில்தான் நோயாளி சேர வேண்டும். தருமபுரிக்காரர் ஒருவர் சென்னையில் சிகிச்சை பெறும்போது உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்தால், சென்னைக் கணக்கில் ஒன்று கூடும்; தருமபுரியில் ஒன்று குறையும்.

அடுத்து, மரணம். கடைசி நாட்களை வீட்டில் கழித்தவர் இறந்த தகவல் மருத்துவமனைக்குப் போகாமலே இருக்கலாம். பதிவேட்டில் அவர் உயிரோடு இருப்பதாகவே நீடித்தால், பிழைப்பவர்கள் உண்மையைவிட அதிகமாகத் தெரிவார்கள். இந்த இரண்டு தகவலும் சரியாகத் தெரிவது ஊரில் இருக்கும் சுகாதாரப் பணியாளருக்குத்தான்.

இதனால் என்ன பயன்?

திண்டுக்கல் மாவட்டமே சாட்சி. 2000-ல் தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் இருந்த பகுதிகளோடு ஒப்பிட்டால், பரிசோதனை நடந்த பகுதிகளில் புதிதாக நோய் வருவது 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தது. லான்செட் மருத்துவ இதழில் 2007-ல் வெளியான முடிவு இது. யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார்கள் என்ற பதிவு இல்லாமல் இந்தப் பலனை நிரூபித்திருக்கவே முடியாது.

நோயாளியும் குடும்பமும் செய்ய வேண்டியது என்ன?

* எந்த மருத்துவமனைக்குப் போனாலும் சொந்தமாக வசிக்கும் ஊரின் முழு முகவரியையே கொடுங்கள்.
* எல்லா இடத்திலும் பெயர், வயதை ஒரே மாதிரி சொல்லுங்கள். மாறினால் ஒருவரே இரண்டு பேராகப் பதிவாகலாம்.
* பரிந்துரைச் சீட்டு, பயாப்ஸி ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள்.
* நோய் உறுதியானதும் உங்கள் பகுதி செவிலியரிடம் சொல்லுங்கள்.

"பேரு வெளியே தெரிஞ்சிடுமோ?" என்ற பயம் வேண்டாம். பதிவேடு வெளியிடுவது எண்ணிக்கையை மட்டுமே, பெயர்களை அல்ல.