தனுஷ்கோடி சர்ச்சின் பழைய போட்டோவை ஷேர் செய்யலாமா? 60 வருஷக் கணக்கில் இருக்கும் சிக்கல்

டிசம்பர் 22, 23 நெருங்கினாலே தனுஷ்கோடி மறுபடியும் டிரெண்ட் ஆகிவிடும். கூரை இல்லாமல் மணலில் நிற்கும் சர்ச்சின் இன்றைய படம் ஒரு பக்கம், 1964 புயலுக்கு முந்தைய கறுப்பு வெள்ளை படம் இன்னொரு பக்கம் என 'அன்றும் இன்றும்' பதிவுகள் இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் சுற்றும். "60 வருஷ பழைய போட்டோ, இதுக்கெல்லாம் யாரு கேஸ் போடப் போறாங்க?" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிக்கலே அந்த 60 வருஷக் கணக்கில்தான் இருக்கிறது.

2012-ல் என்ன மாறியது?

பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் புகைப்படங்களுக்கென்று 25-வது பிரிவு தனியாக இருந்தது. அதன்படி படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள் காப்பிரைட் உண்டு. 2012 திருத்தத்தில் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டார்கள். இப்போது கதை, கவிதைக்கு உள்ள அதே விதிதான் போட்டோவுக்கும். அதாவது, எடுத்தவர் வாழும் காலம் முழுவதும், அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளும்.

புயல் சேதத்தைக் காட்டி 1964 டிசம்பரில் ஒரு பத்திரிகையில் வந்த படத்தையே எடுத்துக்கொள்வோம். பழைய கணக்குப்படி 2024 டிசம்பர் 31-ம் தேதியோடு உரிமை முடிந்திருக்கும். புதிய கணக்கில், அதை எடுத்தவர் 1990-ல் இறந்திருந்தால் 2050 இறுதி வரை உரிமை இருக்கும். எடுத்தவர் யார் என்றே தெரியாத, பெயர் போடாமல் வெளியான படமாக இருந்தால் மட்டும் வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு என்ற கணக்கு இப்போதும் பொருந்தும்.

ஏற்கெனவே காலாவதியான உரிமை 2012 திருத்தத்தால் மறுபடி உயிர்பெறாது. எனவே 1951-ம் ஆண்டு முடிவதற்குள் இந்தியாவில் வெளியான படங்களைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. 1858-ல் மதுரை, தஞ்சாவூரைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் 1902-லேயே இறந்துவிட்டார். அவர் படங்களில் எந்தக் கணக்குப்படியும் காப்பிரைட் மிச்சமில்லை.

போட்டோ யாருக்குச் சொந்தம்?

ஆல்பம் கையில் இருப்பதால் மட்டும் காப்பிரைட் வந்துவிடாது. பங்குச் சாமியாரின் அலமாரியில் இருக்கும் பிரிண்ட் சர்ச்சின் சொத்தாக இருக்கலாம். ஆனால் அந்தப் படத்தின் உரிமை பொதுவாக எடுத்தவருக்குத்தான். காசு கொடுத்து ஸ்டூடியோக்காரரை வரவழைத்து எடுத்த படமென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். புதுநன்மை, கல்யாணப் படங்களின் பின்னணியில்தான் பல ஊர்களின் பழைய சர்ச் தெரியும். அவற்றைக் கேட்க வேண்டிய இடம் அந்தந்தக் குடும்பங்கள்தான்.

பத்திரிகைப் படங்களில் ஒரு திருப்பம் உண்டு. சம்பளத்துக்கு வேலை பார்த்த போட்டோகிராபர் எடுத்த படத்தை இதழில் வெளியிடும் உரிமை பத்திரிகை முதலாளிக்கு. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் மற்ற உரிமைகள் எடுத்தவருக்கே. அதனால் பத்திரிகை அலுவலகம் ஓகே சொன்னாலே எல்லாம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஸ்கேன் செய்தவர் உரிமை கேட்கலாமா?

பழைய படத்தை ஸ்கேன் செய்து தன் பெயரை வாட்டர்மார்க்காகப் போட்டுவிட்டு "என் அனுமதி இல்லாமல் எடுக்காதே" என்பவர்கள் நிறைய. 2007-ல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில், வெறும் உழைப்பு போதாது, கொஞ்சமாவது படைப்பூக்கம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படிப் பார்த்தால் இருக்கும் படத்தை அப்படியே ஸ்கேன் செய்ததற்குப் புது உரிமை கோருவது கடினம். ஆனால் காப்பிரைட் உள்ள படத்தில் இருக்கும் உரிமையாளரின் பெயர், அடையாளங்களைத் தெரிந்தே அழித்தால் 65பி பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை. ஏஐ மூலம் கலர் செய்தாலும் அடிப்படை அதே படம்தான்.

'கர்ட்டஸி' போட்டால் போதுமா?

போதாது. நன்றி சொல்வது மரியாதை, அது அனுமதி ஆகாது. சொந்த ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கு 52-வது பிரிவு விலக்கு தருகிறது. ஆண்டுதோறும் போடும் நினைவுப் பதிவை நடப்புச் செய்தி என்று வாதாடுவது கஷ்டம். தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாப நோக்கம் இல்லாவிட்டால் நீதிமன்றம் காரணம் சொல்லிக் குறைக்கலாம். நடைமுறையில் முதலில் வருவது போலீஸ் அல்ல, யூடியூப் ஸ்ட்ரைக். 90 நாளில் 3 வந்தால் சேனலே போய்விடும்.

இன்று நீங்களே நேரில் போய் அந்தச் சிதைவை எடுத்தால், கட்டடத்தைப் படமெடுப்பது காப்பிரைட் மீறல் ஆகாது. அந்தப் படத்தின் உரிமையும் உங்களுக்கே.

உரிமையாளரைக் கண்டுபிடிக்கவே முடியாத படங்களுக்கு 31ஏ பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. எடுத்தவர் இறந்துவிட்டாலோ, யாரென்று தெரியாவிட்டாலோ, வெளியே கிடைக்காமல் கிடக்கும் அந்தப் படத்தை வெளியிட லைசென்ஸ் கேட்கலாம். முதலில் ஆங்கில நாளிதழில் விளம்பரம் தர வேண்டும், பிறகு வணிக நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு ரீல்ஸுக்காக யாரும் இவ்வளவு தூரம் போக மாட்டார்கள். ஊர் வரலாற்றைப் புத்தகமாகப் போடுபவர்களுக்கு இது உதவும்.