குரங்குக்குட்டியா, பூனைக்குட்டியா: காஞ்சியில் ஒரு வழக்கு பிறந்த கதை

குரங்கு கிளைக்குக் கிளை தாவும்போது குட்டிதான் தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பிடி விட்டால் விழ வேண்டியதுதான். பூனைக்குட்டிக்கு அந்தக் கவலை கிடையாது. தாய் கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். குட்டி சும்மா தொங்கினால் போதும். கடவுள் மனிதனைக் கரையேற்றுவது இதில் எந்த மாதிரி? வைணவத்தின் இரண்டு பிரிவுகளில் வடகலையாருக்குக் குரங்குக்குட்டி, தென்கலையாருக்குப் பூனைக்குட்டி என்பார்கள். மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று இதற்கு ஏட்டுப் பெயரும் உண்டு. நெற்றியைப் பார்த்தே யார் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும்: வடகலை நாமம் புருவ நடுவில் வளைந்து நின்றுகொள்ளும், தென்கலை நாமத்துக்கு மூக்கின் மேல் ஒரு பாதம் இறங்கும்.

கிறிஸ்தவர்கள் கிருபையா, நற்கிரியையா என்று கேட்பதும் இந்தக் கேள்வியைத்தான். ஆனால் நம்முடைய வழக்கு பிறந்தது காஞ்சி வரதர் வாசலில்.

திருக்கச்சி நம்பி பூவிருந்தவல்லிக்காரர், அந்தணர் அல்லர். வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசுவது அவருடைய கைங்கரியம். வீசும்போது பெருமாள் அவரோடு பேசுவார் என்பது ஐதிகம். ஸ்ரீபெரும்புதூரில் 1017இல் பிறந்தவராகச் சொல்லப்படும் ராமாநுஜர், தம் மனத்திலிருந்த ஐயங்களுக்குப் பெருமாளிடம் விடை கேட்டு வரும்படி நம்பியை வேண்டினார். ஆறு வார்த்தைகள் வந்தன என்கிறது குருபரம்பரைக் கதை. அவற்றில் ஒன்று, மோட்சத்துக்கு வழி சரணாகதி என்றது. இன்னொன்று அதைவிடத் துணிச்சலானது: சரணடைந்தவன் சாகிற நேரத்தில் பெருமாளை நினைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கடைசி மூச்சில் எந்த நினைவோ அதுவே கதி என்று நம்பி வந்த உலகம் அது. வாழ்நாளெல்லாம் ஒழுங்காக இருந்தவன் கூடச் சாகும்போது நினைவு தப்பிக் கிடந்தால் என்ன ஆவான் என்ற பயம் எல்லார் வீட்டிலும் இருந்திருக்கும். அந்தப் பயத்தை ஒரே வார்த்தையில் எடுத்துப் போட்டார் வரதர். நீ மறந்தாலும் நான் மறக்க மாட்டேன் என்பதுதான் அதன் பொருள்.

ராமாநுஜருக்குப் பின் இரண்டு நூற்றாண்டு போவதற்குள் ஒரு சிக்கல் முளைத்தது. சரணடைவதும் ஒரு செயல்தானே? ‘நான் சரணடைந்தேன், அதனால் பிழைத்தேன்’ என்று ஒருவன் சொன்னால், அவனைக் காப்பாற்றியது பெருமாளா, அவனுடைய சரணாகதியா?

ஸ்ரீரங்கத்தில் பிள்ளை லோகாசாரியர் தயங்காமல் பதில் சொன்னார். காப்பாற்றுகிறவன் அவன் ஒருவனே. சரணாகதியையே வழி என்று நினைப்பதும் பிழை. அருளுக்குக் காரணம் வேண்டியதில்லை. ‘ஸ்ரீவசன பூஷணம்’ என்ற நூலில் அவர் காட்டும் உதாரணம் இன்றும் திடுக்கிட வைக்கும். ராமனைத் திரும்ப அழைக்கக் காட்டுக்குப் போன பரதனுக்கு அவனுடைய நல்ல குணமே கெடுதலாயிற்று. குகனுக்கோ அவனுடைய தீமையே நன்மையாயிற்று என்கிறார். நல்லவன் தன் நல்லதனத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் அதுவே தடை.

காஞ்சிக்கு ஒட்டிய தூப்புலில், விளக்கொளிப் பெருமாள் கோயிலருகே, 1268இல் பிறந்த வேதாந்த தேசிகர் இதை அப்படியே ஏற்கவில்லை. அருள்தான் காப்பாற்றுகிறது என்பதில் அவருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் காரணமே இல்லாமல் அருள் வருமென்றால், ஒருவனுக்கு வந்து மற்றவனுக்கு வராமல் போவது ஏன்? பெருமாள் ஓரவஞ்சனைக்காரர், ஈவிரக்கம் இல்லாதவர் என்று ஆகிவிடாதா? ஆகவே மனிதன் பக்கமிருந்து ஒரு சிறு சாக்கு வேண்டும். சரணாகதி அந்தச் சாக்கு. ‘வியாஜம்’ என்பார்கள். அது அருளுக்குக் கொடுக்கும் விலை ஆகாது. அருள் இறங்கி வர ஒரு முகாந்திரம், அவ்வளவே.

காஞ்சிப் பக்கத்து உத்திரமேரூர்க்காரர்களுக்கு இதை விளக்க அவர்கள் ஊர்ச் சுவரே போதும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 921இல், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிய குடவோலைச் சட்டம், ஊர்ச் சபை வாரியத்துக்கு வருகிறவனுக்குத் தகுதி மேல் தகுதியாக அடுக்குகிறது: வயது 35க்கு மேல் 70க்குள், வரி கட்டும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேத அறிவு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் உறவுக்காரனும் கூடாது. இத்தனையும் பார்த்துப் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்ட பிறகு, எடுப்பது யார்? விவரம் தெரியாத ஒரு சிறுவன். ஓலை குடத்துக்குள் இருக்க வேண்டும் என்பார் தேசிகர். எடுக்கிற கையைப் பார் என்பார் லோகாசாரியர்.

கிறிஸ்தவத்திலும் வேதப் புத்தகத்துக்குள்ளேயே இரண்டு குரல் உண்டு. கிரியையால் அல்ல, விசுவாசத்தால் மனிதன் நீதிமானாகிறான் என்று ரோமருக்கு எழுதினார் பவுல். கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்றார் யாக்கோபு. 1517இல் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து எழுந்த மார்ட்டின் லூதர் பவுலைப் பிடித்துக்கொண்டார். கத்தோலிக்கத் திருச்சபை 1547இல் திரெந்து சங்கத்தில், அருளே முந்தி வருகிறது, ஆனால் மனிதனுடைய சித்தமும் அதனோடு ஒத்துழைக்க வேண்டும் என்று தீர்மானித்தது. தூப்புல்காரருக்கு இது புரிந்திருக்கும். அந்தச் சண்டையும் தமிழுக்கு வந்தது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு லூதர் வழிக்காரர். அந்த வழியை மறுத்து 1728இல் ‘வேத விளக்கம்’ எழுதியவர் கத்தோலிக்கரான வீரமாமுனிவர். பிறகு ருடால்ஃப் ஓட்டோ என்ற ஜெர்மானிய லூத்தரன் அறிஞர் வைணவத்தின் அருள் நெறியையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு எழுதினார். அது 1930இல் ஆங்கிலத்தில் வந்தது. நம் பூனையும் குரங்கும் அப்படிக் கடல் தாண்டின.

சரி, கட்சி கட்டியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? 14ஆம் நூற்றாண்டில் டில்லிப் படை ஸ்ரீரங்கத்தைத் தாக்கியபோது, ‘சும்மா இரு’ என்ற கட்சியின் தலைவரான லோகாசாரியர் சும்மா இருக்கவில்லை. தள்ளாத வயதில் அந்தக் கோயிலின் உற்சவரான நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு தெற்கே போனார். போன இடத்தில், மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடியில், உயிர் விட்டார். ‘நீயும் கொஞ்சம் செய்’ என்ற கட்சியின் தேசிகரோ, அதே தாக்குதலில் பிணங்களுக்கு நடுவே தாமும் பிணம்போல் கிடந்து, ‘சுருதப்பிரகாசிகை’ என்ற உரைநூலின் ஏட்டைக் காப்பாற்றினார் என்பது சம்பிரதாயம் சொல்லும் செய்தி. குரங்குக்குட்டிக் கட்சிக்காரர் அசையாமல் கிடந்தார்; பூனைக்குட்டிக் கட்சிக்காரர் ஓடி ஓடி உழைத்தார்.

இருவருக்கும் பொது வரதர்தான். தேசிகர் வரதரைப் பாடியவர். லோகாசாரியரை வரதருடைய அவதாரம் என்றே தென்கலையார் கொண்டாடுகிறார்கள். காஞ்சி வரதர் மணற்பாக்கத்து நம்பி என்பவருக்குக் கனவில் சில அர்த்தங்களைச் சொல்லி, மிச்சத்தை இரண்டு ஆற்றுக்கு நடுவே சொல்கிறேன் என்று அனுப்பினாராம். அவர் இரண்டு ஆற்றுக்கு நடுவிலுள்ள ஸ்ரீரங்கம் போய், லோகாசாரியர் அதே அர்த்தங்களைச் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டுக் காலில் விழுந்து, ‘அவர்தானா நீர்?’ என்று கேட்ட கதை அது.

கலைகள் இரண்டு சாதிபோல் இறுகியது பின்னால்தான். பதினெட்டு வேறுபாடுகளைப் பட்டியல் போட்டார்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே காஞ்சி வரதர் கோயில் தகராறு சென்னை உயர் நீதிமன்றம் ஏறிவிட்டது. அங்கே வாதம் அருளைப் பற்றி அல்ல. பெருமாள் முன்னால் பாசுரம் தொடங்கும்போது யாருடைய தனியனை, அதாவது ஆசாரியரைப் போற்றும் சுலோகத்தை, சொல்வது, யார் முன் வரிசையில் நிற்பது என்பதைப் பற்றி. தென்கலையார் சொல்வது தங்கள் ஆசாரியர் மணவாள மாமுனிகளின் தனியன். வடகலையார் சொல்வது தேசிகரின் தனியன். வேடிக்கை என்னவென்றால், இரண்டு தனியனும் தத்தம் ஆசாரியரை இன்னொருவரின் தயைக்குப் பாத்திரமானவர் என்றே தொடங்கிப் போற்றுகின்றன.

பூனையும் குரங்கும் நல்ல கேள்விக்குப் பிறந்த பிள்ளைகள். தன் நன்மையை எண்ணிக் கர்வப்படுகிறவன் பூனைக்குட்டியைப் பார்க்க வேண்டும்; அருள் இருக்கிறதே என்று கையைக் கட்டிக்கொண்டிருக்கிறவன் குரங்குக்குட்டியைப் பார்க்க வேண்டும். லூத்தரன்களும் கத்தோலிக்கரும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில், கிருபையினாலேயே மனிதன் ஏற்கப்படுகிறான் என்று ஒன்றாகக் கையெழுத்துப் போட்டார்கள். காஞ்சியில் கொள்கையளவில் அந்த அளவு தூரம்கூட என்றும் இருந்ததில்லை. ஆனாலும் வழக்கு மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை.