ஆரியர்–திராவிடர் வாதத்தில் ஏதுப்போலி

ஏது போலத் தோன்றி, சொல்லவந்த முடிவை நிறுவாமல் போகும் காரணம் ஏதுப்போலி. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் இதை அசித்தம், அநைகாந்திகம், எதிர்முடிவையே நிறுவும் விருத்தம் என மூன்றாக வகுத்துச் சொல்கிறார். இன அரசியலில் இவற்றுக்கு எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆரியர்–திராவிடர் சண்டை ஒன்றே போதும்.

தென்னக மொழிகள் தனிக் குடும்பம் என்பதை ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1816இலும், விரிவாகப் பாதிரியார் கால்டுவெல் 1856இலும் எடுத்துக்காட்டினர். பிறகு மொழியின் பெயர் உடம்பின்மேல் ஏறியது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி, மூக்கின் அகல நீளத்தை அளந்தே இனம் பிரிக்கலாம் என்று நம்பியவர். ஒரே மொழிக்குடும்பம், ஆகவே ஒரே இரத்தம் என்பது அநைகாந்திகம்: ஏது இருக்கும் இடமெல்லாம் முடிவு இருப்பதில்லை. பலுசிஸ்தானத்துப் பிராகுயி மக்கள் பேசுவது திராவிட மொழி. மரபணுவிலோ அவர்கள் அக்கம்பக்கத்துப் பலூச்சிகளை ஒத்தவர்கள். ஆரியர் என்ற பெயரைப் பரப்பிய மாக்ஸ் முல்லரே 1888இல் மொழியையும் இனத்தையும் குழப்புவதைக் கேலி செய்தார்.

 

தூய ஆரியர், தூய திராவிடர் என்று தொடங்கும் வாதம் அசித்தம், ஏதுவே நிலைபெறவில்லை. இந்தியச் சமூகங்களில் பெரும்பாலானவை பழைய மூதாதைக் கலப்பில், வெவ்வேறு விகிதத்தில் உருவானவை என்று 2009இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. அதையும் இரு தரப்பாரும் தத்தம் வெற்றியாகவே அறிவித்துக்கொண்டது தனிக்கதை.

ஆளைப் பார்த்துக் கருத்தைத் தள்ளுவது இரு பக்கமும் உண்டு. கால்டுவெல் பாதிரியார், ஆகவே அவர் இலக்கணம் சூழ்ச்சி என்பர் சிலர். இவர் பிறப்பால் பார்ப்பனர், ஆகவே இவர் சொல்வது சூது என்பர் வேறு சிலர். பார்ப்பனியத்தைக் கண்டித்தாலே இனவெறுப்பு என்று முத்திரை குத்துவதும், பார்ப்பனியத்தைக் கண்டிப்பதாகச் சொல்லி ஒருவரைப் பிறப்புக்காக வைவதும் ஒரே தில்லுமுல்லு. மாற்றுக் கருத்துள்ள தமிழர் எதிரே வந்து நின்றால், “அவன் தமிழனே இல்லை” என்று வரையறையை நகர்த்திவிடுவது இன்னொரு வழக்கம்.

இவற்றை எடுத்துக்காட்டிவிட்டால் பாகுபாடே இருந்ததில்லை என்று ஆகிவிடாது. ஏது கெட்டதால் முடிவும் பொய் என்பதும் போலிதான். 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயர் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கை, அரசுப் பதவிகளில் யாருக்கு எத்தனை இடம் என்று கணக்குக் காட்டியது. அந்தக் கணக்கை மறுக்கவோ ஏற்கவோ யாருடைய மூக்கையும் அளக்கத் தேவையில்லை.