பழைய பெயரைத் தூக்கி எறியாதீர்கள்

 

கண்டியிலிருந்து பிள்ளைகளை இரத்மலானை விமானப்படை நூதனசாலைக்குக் கூட்டிப் போனபோது ஒரு மாணவன் கேட்டான்: "சேர், எல்லா பிளேனும் ஒரே அலுமினியம்தானே? நம்ம வீட்டுச் சட்டி மாதிரி?"

இல்லை மகன். வெறும் அலுமினியம் மென்மையானது. 1906இல் ஜேர்மனியில் அல்பிரட் வில்ம் என்பவர் அதில் சுமார் 4 வீதம் செப்பும் கொஞ்சம் மகனீசியமும் கலந்து, சூடாக்கி, சட்டென்று குளிர வைத்தார். சும்மா கிடந்த இரண்டொரு நாளில் அது தானாகவே கடினமாகியிருந்தது. டியூரன் ஊரிலிருந்த ஆலை அதைத் தயாரித்தது. அதனால் பெயர் 'டியூரலுமின்'.

பிறகு நாட்டுக்கொரு பெயர் வந்தது. 1951இல் தொடங்கிய நமது விமானப்படையின் முதல் சிப்மங்க், பின்னர் வந்த ஜெட் புரவோஸ்ட் எல்லாம் பிரிட்டிஷ் விமானங்கள். 1971 கிளர்ச்சிக் காலத்தில் வந்த மிக்-17 சோவியத் விமானம். இன்று அவை ஒரே இடத்தில் நிற்கின்றன. ஆனால் அவற்றின் உலோகங்களுக்குப் பெயர் வைத்த முறைகள் வேறு.

சோவியத்தின் 'டி16'இல் உள்ள 'டி' டியூரலுமினைக் குறிக்கும். பிரிட்டனின் 'டி.டி.டி.' என்பதோ விமான அமைச்சின் தொழில்நுட்ப அபிவிருத்திப் பணிப்பகத்தின் சுருக்கம். எழுத்து ஒன்று, பொருள் வேறு. அந்த எண்ணைப் பார்த்து உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று ஊகிக்கவே முடியாது. அதற்குரிய தரப்பத்திரம் கையில் இருக்க வேண்டும். இன்றைய அமெரிக்க எண்களில் டி16க்குக் கிட்டியது 2024. கிட்டியதுதான், அதுவேயல்ல.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். டி.டி.டி. 683 என்பது நாகம் கலந்த, மிக வலிமையான கலப்புலோகம். பிரிட்டனின் வேலியண்ட் குண்டுவீச்சு விமானங்களின் இறக்கைச் சட்டங்களில் அதைப் பயன்படுத்தினார்கள். 1964இல் அந்தச் சட்டங்களில் வெடிப்புகள் தெரிந்தன. 1965இல் வேலியண்ட் விமானங்கள் முழுவதுமே சேவையிலிருந்து விலக்கப்பட்டன. கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளைத் தகடுதான். எது டியூரலுமின், எது 683 என்று சொல்வது அந்தப் பழைய எண் மட்டுமே.

நம் ஊர்களிலும் விமானப்படையில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய குறிப்புக் கொப்பிகளையும் பழைய கைநூல்களையும் கடதாசி விலைக்குப் போட்டுவிடாதீர்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இந்த எண் என்ன?" என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.