கண்டி மன்னனும் கரையோர நீர்வழிகளும்

வயல்கள் சூழ்ந்த சித்தாண்டி, மட்டக்களப்பின் திருப்படைக் கோயில்களுள் ஒன்றைக் கொண்ட பழம்பதி. அதற்குத் தெற்கே ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்திற்கு வாவி நீண்டு கிடக்கின்றது. வெட்டாமலே வாய்த்த கால்வாய் என அதனைக் கூறலாம். 1602 இல் ஒல்லாந்தக் கப்பற்றலைவன் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கியே மகியங்கனை வழியாகக் கண்டியரசனைக் காணச் சென்றான். மலைநாட்டுக்குக் கடல்வாயிலாக அமைந்த இப்பகுதியில் கண்டியரசின் உரிமை சட்டப்படி அற்றுப்போனது, பௌத்த மறுமலர்ச்சிக்கு வித்திட்ட மன்னன் ஒருவனின் காலத்திலேயாகும்.

கீர்த்திசிறீ இராசசிங்கன் (1747–1782) மதுரை நாயக்கர் வழிவந்தவன். சைவச் சூழலில் வளர்ந்தவன். அவன் அரியணையேறியபோது இலங்கையில் உபசம்பதா பெற்ற பிக்குகளின் மரபு அற்றுப்போயிருந்தது. வெலிவிட்ட சரணங்கரரின் தூண்டுதலால் மன்னன் சீயத்துக்குத் தூதனுப்பினான். 1753 இல் உபாலி தேரர் திருகோணமலையில் வந்திறங்கினார். கண்டியில் உபசம்பதா மீண்டும் நிகழ்ந்தது; சீயம் நிக்காயம் தோன்றியது. இத்துணைத் தொண்டு செய்தும், 1760 இல் பிரபுக்களும் பிக்குகள் சிலரும் அவனைக் கொல்லச் சதிசெய்தனர். அவன் திருநீறணிவதை விடவில்லை என்பதும் அவர்தம் குறைகளுள் ஒன்று என்பர்.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. தேரரை ஏற்றிவந்தது ஒல்லாந்தர் கப்பல். மன்னனிடம் கடலோடும் கப்பலில்லை. சங்கத்தைச் சீர்திருத்தவும் கறுவா வணிகரின் தயவு வேண்டியிருந்தது. மன்னனை மகிழ்விப்பது கும்பனிக்கும் ஆதாயமாயிற்று.

அதே காலத்தில் மேற்குக் கரையில் கொழும்பிலிருந்து நீர்கொழும்பு ஊடாகப் புத்தளம் வரை, களப்புகளையும் ஆறுகளையும் கால்வாய்களால் இணைத்து, ஒல்லாந்தர் நீர்வழியை விரிவாக்கினர். கறுவா, பாக்கு, உப்பு முதலியன தோணிகளிற் சென்றன. கடற்கொந்தளிப்புக்கு அஞ்ச வேண்டியதில்லை. சுமைகாரரும் மிகுதியாக வேண்டியதில்லை. ஆயின் இவ்வணிகப் பெருக்கம் கண்டிக்கு வளமூட்டவில்லை. தென்னிந்திய வணிகர் கூடுதல் விலை கொடுக்க முன்வந்தபோதும், கும்பனியின் தனியுரிமை மலைநாட்டுப் பாக்கை அவர்களிடம் செல்லவிடாது தடுத்தது.

இம்முரண்பாடே 1761 முதல் போராக வெடித்தது. 1765 இல் ஆளுநர் வான் எக் கண்டிநகரைக் கைப்பற்றினான்; எனினும் நோயும் உணவின்மையும் அவன் படையைப் பின்வாங்கச் செய்தன. 1766 பெப்புருவரி உடன்படிக்கையோ, மட்டக்களப்பு உட்படக் கரையோரம் முழுவதையும் கும்பனிக்கு உரித்தாக்கியது. கண்டி மக்கள் உப்பு அள்ளுதற்கும் அவ்வுடன்படிக்கையிலேயே இடம் பெறவேண்டியதாயிற்று. அதற்குமுன் கறுவா உரிக்க இசைவு வேண்டி ஆண்டுதோறும் பரிசிலுடன் கண்டிக்குத் தூதனுப்பிவந்தது கும்பனி.