வாய்க்காங்கரைக்கு ஒரு சைக்கிள் திட்டம்

ஐரோப்பாவில் கால்வாய்க் கரையோரமாக வாரக்கணக்கில் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த ஆசை வந்தது. அந்தப் பாதைகள் படகுக்காகப் போடப்பட்டவை. குதிரை கரையில் நடக்கும், கயிறு பின்னால் நீளும், சரக்குப் படகு தண்ணீரில் இழுபட்டு வரும். ரயிலும் எஞ்சினும் வந்து குதிரைக்கு வேலை போனது, பாதை மிஞ்சியது. இப்போது அதில் சைக்கிள் போகிறது.

நம்ம தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள், பதினொரு கால்வாய்கள். அதில் ஏழு அணைக்கட்டுகள் வெள்ளைக்காரனுக்கு முந்தியவை. கடைசியில் இருக்கும் ஸ்ரீவைகுண்டம் மட்டும்தான் 19ஆம் நூற்றாண்டில் கட்டியது. இவற்றில் எதுவும் படகு விட வெட்டியதில்லை, எல்லாம் வயலுக்கு. ஆனாலும் கரை இருக்கிறது, கரைமேல் பாதையும் இருக்கிறது. அப்படியானால் அது யாருக்குப் போட்ட பாதை?

வீரவநல்லூரில் இருக்கும் மாமாவிடம் போனில் கேட்டேன். "மருமவனே, அது தண்ணி பாக்குறவன் நடக்குற தடம்லா. அதுல போயி சைக்கிள் ஓட்டப் போறியாக்கும்?" என்றார். ராத்திரி டார்ச்சோடு நடந்து, எங்கே மடை திறந்திருக்கு, எங்கே நண்டு வளை போட்டுக் கரை கசியுது என்று பார்க்கிற ஆளுக்கான தடம்.

கன்னடியன் கால்வாயை சாட்டிலைட் படத்தில் பார்த்தால் நேராகவே போகாது. கல்லிடைக்குறிச்சி பக்கம் ஆற்றைவிட்டுப் பிரிந்து வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி, பத்தமடை என்று நெளிந்து நெளிந்து கிழக்கே போகும். காரணம் எளிமையானது. ஆறு வேகமாக இறங்கும், கால்வாய் மெதுவாக இறங்கணும். அப்போதுதான் போகப் போக ஆற்றைவிட உயரத்தில் இருக்கும், நடுவில் கிடக்கிற நிலம் முழுக்கத் தானாகப் பாயும். சைக்கிள்காரனுக்கு இது பெரிய லாபம், மேடே கிடையாது. கிழக்கே பார்த்து ஓட்டினால் இடப்பக்கம் பச்சை, வலப்பக்கம் புஞ்சைக்காடு. நடுவில் உங்கள் டயர்.

இந்த நெளிவுக்கு ஊரில் ஒரு கதை உண்டு. சேர ராஜாவின் நோயைத் தானமாக வாங்கிய ஒரு கன்னட பிராமணர், அதோடு கிடைத்த பொன்னை வைத்து வாய்க்கால் வெட்ட நினைக்கிறார். எங்கே வெட்டுவது? ஒரு பசுவின் பின்னால் போ என்கிறார் அகத்தியர். பசு நடந்த வழியெல்லாம் வாய்க்கால், அது கோமியம் விட்ட இடத்தில் மடை, படுத்த இடத்தில் குளம். முதலில் கேட்டபோது சிரிப்பு வந்தது. ஆனால் மேய்கிற மாடு சரிவில் ஏறி இறங்காமல் ஒரே மட்டத்தில் வளைந்துதான் போகும். சம உயரக் கோடு என்று நாங்கள் பரீட்சைக்குப் படித்ததைத்தான் அந்தப் பசு நடந்து காட்டியிருக்கிறது.

கதையில் பசு இருக்கிறது, பொன் இருக்கிறது, முனிவர் இருக்கிறார். மண்வெட்டி பிடித்தவர் மட்டும் இல்லை.

இந்தப் பள்ளத்தாக்கின் நன்செய் பெரும்பாலும் பிராமணர், வேளாளர் கையில் இருந்தது. சேற்றில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் இன்று தேவேந்திரகுல வேளாளர் என்று அழைக்கப்படும் சமூகத்தினர். கால்வாயில் வண்டல் எடுப்பதும் கரை கட்டுவதும் குடிமராமத்து என்ற வழக்கத்தில் ஊர் தரவேண்டிய உழைப்பு. ஊர் தந்தது என்று எழுதிவிடலாம், ஊரில் யார் தந்தார்கள் என்பதுதான் விஷயம். 1858இல் சென்னை மாகாணத்துக்காக வந்த கட்டாய உழைப்புச் சட்டம் அதை மறைக்கவில்லை. கரை உடையும் நிலை வந்தால், அக்கம்பக்கத்தில் இருக்கும் உழைப்பாளி வகுப்பைச் சேர்ந்த திடகாத்திரமான ஆண்களை வேலைக்கு இழுக்கலாம் என்றது. நிலம் வைத்திருந்தவரை அல்ல.

அதே 1858 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு கலவரம். தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்ட ஒரு கிறித்தவரின் சவ ஊர்வலம் முக்கியத் தெரு வழியாகப் போகக்கூடாது என்று கூட்டம் மறித்தது. படை வந்து சுட்டது, உயிர்கள் போயின. சாலைகளும் கலவரங்களும் பற்றி வரலாற்றாசிரியர் ராபர்ட் ஃப்ரைகன்பெர்க் எழுதிய கட்டுரை இதைத்தான் பேசுகிறது. வெள்ளம் வந்தால் கரைக்கு வா என்கிறது சட்டம், செத்தால்கூடத் தெருவுக்கு வராதே என்கிறது ஊர். இரண்டும் ஒரே வருஷம், ஒரே ஜில்லா.

இதைப் படித்தபிறகு என் ரூட் மாறியது. முதலில் ஜனவரியில் போகத்தான் எண்ணியிருந்தேன். பிசானம் நெல் நிற்கும், போட்டோ நன்றாக வரும். இப்போது ஜூலை. கார் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டிருந்தால் கால்வாயில் ஓட்டம் இருக்கும். மேற்கிலிருந்து அடிக்கிற காற்று முதுகைத் தள்ளும், பாதி மிதித்தால் போதும். வெயிலுக்கு நடுவில் சாரலும் கிடைக்கலாம்.

21ஆம் தேதி கல்லிடைக்குறிச்சியில் தொடங்கி, இரவு மாமா வீடு. மறுநாள் சேரன்மகாதேவி, பத்தமடை. பத்தமடையில் பாய் நெய்கிற வீடுகளில் உட்கார்ந்தால் நாள் போய்விடும், அதனால் அன்றைக்குத் தூரம் குறைவு. மூன்றாம் நாள் பழவூர் அணைக்கட்டில் தொடங்குகிற பாளையங்கால்வாயைப் பிடித்து மேலப்பாளையம் வரை. ஊர் நெருங்க நெருங்கக் கால்வாயில் சாக்கடையும் பிளாஸ்டிக்கும் வந்துவிடும், கரையும் பல இடத்தில் வீடாகிவிட்டது. தெருவில் இறங்கித்தான் போகணும்.

மூன்றாம் நாள் என்பது ஜூலை 23. 1999இல் அதே தேதியில் மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலமாக வந்தவர்கள்மேல் போலீஸ் தடியடி நடத்தியது. தப்பிக்க ஆற்றில் இறங்கியவர்களில் பதினேழு பேர் செத்தார்கள். அதில் ஒன்று இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தை. வருஷா வருஷம் அன்றைக்கு ஆற்றில் மலர் தூவ ஆட்கள் வருவார்கள்.

பாலத்தில் போலீஸ் நிற்கும், வண்டியைத் திருப்பிவிடுவார்கள் என்று மாமா சொல்கிறார். அதனால் சைக்கிளை மேலப்பாளையத்தில் ஒரு நண்பன் கடையில் போட்டுவிட்டு, கொக்கிரகுளத்துக்கு நடந்தே போவதாக இருக்கிறேன்.