ஏழும் ஐந்தும்: அமிலம் வற்றிய இரைப்பையில் கிருமி ஒழிப்பு பற்றி ஒரு மறுவாசிப்பு

1975இல் பெலாயோ கொர்ரேயாவும் உடன் ஆய்வாளர்களும் ‘லான்செட்’ இதழில் முன்வைத்த படிநிலை பெரும்பாலும் இன்றும் நிற்கிறது: நாள்பட்ட அழற்சி, சுரப்பி நலிவு, குடல்வகைத் திசுமாற்றம், கடைசியில் புற்று. ஹெலிகோபாக்டர் பைலோரி கண்டறியப்பட்டபின் அது இந்தப் படிநிலையின் தலைவாசலில் இடம்பிடித்தது. அதிலும் தகராறில்லை. சுரப்பிகள் நலிந்து அமிலம் வற்றிவிட்ட பிறகு அந்தக் கிருமியை ஒழித்துப் பயனுண்டா என்பதில்தான் கருத்து பிளந்தது. ‘திரும்ப முடியாத கட்டம்’ கடந்தாயிற்று என்ற விடைக்கு அடிக்கடி சான்றாகக் காட்டப்பட்டது பெஞ்சமின் வோங் குழுவினர் 2004இல் வெளியிட்ட கட்டுரை.

சீனத்தின் ஃபூஜியன் மாகாணத்துச் சாங்லெ பகுதியில் தொற்றுள்ள 1,630 பேரை 7.5 ஆண்டுகள் தொடர்ந்தது அந்த ஆய்வு. மருந்து பெற்றோரில் 7 பேருக்குப் புற்று; வெற்று மாத்திரை பெற்றோரில் 11 பேருக்கு. புள்ளியியல்படி இது வேறுபாடாகாது. ஆனால் தொடக்கத்தில் நலிவோ திசுமாற்றமோ இல்லாத 988 பேரை மட்டும் எடுத்தால் 0, 6. புகழ்பெற்றது இந்த இரண்டாம் கணக்குதான்.

கட்டுரைச் சுருக்கத்தில் எழுதப்படாத மூன்றாம் கணக்கு ஒன்று உண்டு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் போதும். முன்புற்று மாற்றங்கள் இருந்த 642 பேரில் புற்று வந்தது மருந்து பெற்றோரில் 7 பேருக்கு, பெறாதோரில் 5 பேருக்கு. எண்ணை எண்ணாகவே எடுத்தால், மருந்து தீங்கு செய்தது என்றாகும். அப்படி யாரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, மொத்தமே பன்னிரண்டு நோயாளிகள். தீங்குக்குச் சான்றாகாத எண் பயனின்மைக்கு மட்டும் எப்படிச் சான்றாகும்? இருவர் இந்தப் பிரிவிலிருந்து அந்தப் பிரிவுக்கு மாறியிருந்தால் 5, 7 என்றாகி, வாதமே கவிழ்ந்திருக்கும். முன்புற்று மாற்றம் உள்ளோரை மேலும் ஆராய வேண்டும் என்று வோங் குழுவினரே எழுதியிருந்தனர். அந்த வாக்கியத்தை விட்டுவிட்டுச் சுவர் எழுப்பியவர்கள் பின்வந்தோர்.

காலக்கணக்கும் இடிக்கிறது. ஷான்டோங் மாகாணத்து லின்சூவில் 1995இல் அமாக்சிசிலினும் ஒமிப்ரசோலும் இரண்டு வாரம் தந்தார்கள். 7.3 ஆண்டு முடிவில் புற்று எண்ணிக்கையில் உறுதியான குறைவு தெரியவில்லை. ஏறத்தாழ 15 ஆண்டுகளில் தெரிந்தது: 3.0 விழுக்காடு, மருந்து பெறாதோரில் 4.6. சாங்லெவில் கணக்கை மூடியது, லின்சூவில் இன்னும் ஒன்றும் தெரியாதிருந்த அதே கட்டத்தில். 2014இல் லின்சூ தரவை மறுபடி பிரித்தபோது, திசுமாற்றமோ அதற்கு மேற்பட்ட நிலையோ கொண்டோரிலும் வாய்ப்பு விகிதம் 0.56 ஆக இருந்தது. இதுவும் துணைக்குழுக் கணக்குதான். வோங் மீது வீசிய கத்தி இதன் மீதும் பாயும்.

ஆகவே என் வாதத்துக்கு வலுவான தூண் கொரியாவில் இல் ஜூ சோய் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வு. அதில் இடம்பெற்ற 470 பேருமே தொடக்கநிலைப் புற்றையோ முற்றிய அடினோமாவையோ எண்டோஸ்கோபி வழியே அகற்றிக்கொண்டவர்கள். படிநிலையின் கடைக்கோடிக்குப் போனவர்கள். புதிய புற்று மருந்து பெற்றோரில் 7.2 விழுக்காடு, பெறாதோரில் 13.4. இரைப்பை உடற்பகுதியின் நலிவு தணிந்தது முன்னவரில் 48.4 விழுக்காட்டினருக்கு, பின்னவரில் 15.0 விழுக்காட்டினருக்கே. புதிய புற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததே தவிர அற்றுப்போகவில்லை. எனவே நலிவு பரவியவர்களுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோபி என்ற ஐரோப்பிய வழிகாட்டுதல் (2019) கிருமி ஒழிந்தவர்களுக்கும் பொருந்தும். நலிவு முற்றிய இரைப்பையில் கிருமியே அருகிவிடுவதால் மூச்சுச் சோதனை ‘இல்லை’ என்று பொய் சொல்லக்கூடும் என்பதையும் மருத்துவர் நினைவில் வைக்க வேண்டும்.

தன்னெதிர்ப்பு அழற்சியால் அமிலம் இழந்தோருக்கு இந்தச் சான்றுகளை நீட்டுவது சரியல்ல. கிருமி ஒழிப்பல்லாத இன்னொரு வழியும் பேசப்படுகிறது: அமிலமற்ற இரைப்பையில் பெருகும் நுண்ணுயிர்கள் மதுவைப் புற்றூக்கியான அசெட்டால்டிஹைடாக மாற்றுகின்றன. மெல்லக் கரையும் சிஸ்டீன் அதைச் சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைத்ததாகப் பின்லாந்து ஆய்வொன்று 2011இல் காட்டியது. பங்கேற்றோர் எழுவர்; அளந்தது வேதிப்பொருளை, புற்றை அல்ல. மதுவை விட்டால் அந்த மாத்திரைக்கு அங்கே வேலை குறைவு என்பதே என் கருத்து.

‘திரும்ப முடியாத கட்டம்’ அறவே இல்லை என்று நான் வாதிடவில்லை. நலிவு தணிவதைக் காட்டும் சான்று உண்டு. திசுமாற்றம் மீள்கிறதா என்பதில் ஆய்வுகள் இன்னும் ஒத்துப்போகவில்லை. திட்டுத்திட்டாகப் படரும் அந்த மாற்றத்தைச் சில துணுக்குத் திசுக்களால் அளக்கும்வரை, எல்லைக்கோடு எங்கே என்பதைச் சாங்லெவும் சொல்லாது, லின்சூவும் சொல்லாது.